யாரோடு சாப்பிட்டாய்? – மீத்திறன் மாணவர்களின் நட்புலகம் குறித்து

மீத்திறன் மாணவர்களைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது தேர்வு, மதிப்பெண், பள்ளியின் பெயர் ஆகிய மூன்றைச் சுற்றியே வருகிறது. அந்தப் பிள்ளை இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காருகிறது, விடுமுறையில் யாரைத் தேடிப் போகிறது என்பதை நாம் கேட்பதில்லை. கேட்டாலும், "கூட்டாளிங்க இருக்காங்களா?" என்ற ஒரு கேள்வியோடும் "இருக்காங்க" என்ற ஒரு பதிலோடும் முடித்துக்கொள்கிறோம். என் தம்பி 2012 முதல் 2014 வரை சிங்கப்பூரில் மீத்திறன் வகுப்பில் படித்த மூன்று ஆண்டுகளும் நானும் இப்படித்தான் முடித்துக்கொண்டேன். அவனைவிட ஆறு வயது மூத்தவள் நான். கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான்.

இக்கட்டுரையில் ஆய்வாளர்கள் கண்டறிந்த சிலவற்றையும் எங்கள் வீட்டில் நடந்த சிலவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒரு வீட்டை வைத்துப் பொது விதி சொல்ல முடியாது என்பதை அறிவேன். எனினும் இந்தப் பொருளில் ஆய்வு நூல்கள் தொடாத ஒரு பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்டு. அதை எங்கள் வீட்டிலிருந்துதான் என்னால் காட்ட முடியும்.

திட்டமும் தொலைவும்

சிங்கப்பூரில் மீத்திறன் மாணவர் கல்வித் திட்டம் 1984ஆம் ஆண்டு தொடங்கியது. ரோசித், ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி ஆகிய இரு தொடக்கப்பள்ளிகளிலும், ராஃபிள்ஸ் கல்வி நிலையம், ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி ஆகிய இரு உயர்நிலைப் பள்ளிகளிலும் முதல் வகுப்புகள் நடந்தன. பின்னர் தொடக்கப்பள்ளிகளின் எண்ணிக்கை ஒன்பதாக உயர்ந்தது. தொடக்கநிலை மூன்றில் இரு கட்டத் தேர்வு நடந்தது. வயதுக் குழுவில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் தேர்ந்தெடுக்கப்பட்டு, தொடக்கநிலை நான்கிலிருந்து இந்த ஒன்பது பள்ளிகளில் ஒன்றில் படித்தனர். உயர்நிலையில் 2004இல் ஒருங்கிணைந்த திட்டம் வந்தபின் இத்திட்டம் படிப்படியாக விலக்கப்பட்டு, தொடக்கநிலையில் மட்டும் நீடித்தது.

தமிழ்ப் பெற்றோர் இங்கே ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. ஒன்பது பள்ளிகளில் தாவ் நான், நன்யாங் முதலிய நான்கு, சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அவற்றில் தாய்மொழிப் பாடம் என்றால் சீனம்தான். மிஞ்சிய ஐந்தில் ஒன்று பெண்களுக்கு மட்டும், ஒன்று ஆண்களுக்கு மட்டும். ஆகத் தமிழ் படிக்கும் பிள்ளை மகனாயினும் மகளாயினும், தீவு முழுவதிலும் அதற்கு மிஞ்சியவை நான்கே பள்ளிகள். வீட்டுக்கு அருகில் அவற்றில் ஒன்று அமைவது அதிர்ஷ்டம்.

எங்கள் வீடு ஈசூனில். தம்பி மூன்று ஆண்டுகள் படித்த பள்ளி எங்கள் புளோக்கிலிருந்து நடை தூரம். புதிய பள்ளிக்கோ விடியுமுன் பள்ளிப் பேருந்து ஏற வேண்டும். நாற்பது நிமிடப் பயணம். தூரத்தைப் பற்றி அம்மா கவலைப்பட்டது தூக்கத்தை நினைத்துத்தான். அந்த நாற்பது நிமிடத்தில் என்ன கழன்று விழுந்தது என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

கீழ்த்தளத்துப் பிள்ளைகள்

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை ஐந்து மணிக்குப் பந்துச் சத்தம் கேட்கும். பந்து விளையாடக் கூடாது என்ற பலகைக்கு நேர் எதிரேதான் கேட்கும். மலாய்ப் பிள்ளைகள் மூவர், சீனச் சிறுவன் ஒருவன், நான்காவது மாடித் தமிழ்ப் பையன், என் தம்பி. எல்லாரும் ஒரே பள்ளி. தம்பி பள்ளி மாறிய முதல் மாதத்தில் அவர்கள் கதவைத் தட்டினார்கள். இரண்டாம் மாதத்தில் ஓரிரு முறை தட்டினார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர்கள் பேசிச் சிரித்தவை காலையில் பள்ளியில் நடந்தவை. யார் தண்டனை வாங்கினான், எந்த ஆசிரியர் என்ன சொன்னார் என்பவை. தம்பிக்கு அவற்றில் எதுவும் தெரியாது. அவன் பந்தை உதைத்துவிட்டுச் சும்மா நின்றிருக்கிறான்.

அவர்களுள் ஒருவன் அவனை 'ஜீனியஸ்' என்று அழைக்கத் தொடங்கினான். கேலியாகத்தான். ஆனால் அதன் பிறகு மின்தூக்கியில் யாராவது "எந்தப் பள்ளி?" என்று கேட்டால் தம்பி பள்ளியின் பெயரைச் சொல்லாமல், "தூரம் அங்கிள்" என்று மட்டும் சொல்வதைக் கவனித்தேன். வெட்கம் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் இதற்கு ஆய்வுலகில் ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் கோல்மன் 1980களில் இதனை ஒரு வகைக் களங்கமாக விளக்கினார். பின்னர் டிரேசி கிராஸ் அவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். மீத்திறன் என்ற முத்திரை பாராட்டாகத் தரப்பட்டாலும், மற்றவர் தன்னை வேறுவிதமாக நடத்துவார்கள் என்பதைப் பிள்ளை விரைவில் உணர்ந்துகொள்கிறது. எனவே தன்னைப் பற்றிய செய்தியை எவ்வளவு வெளியிடலாம் என்று அளந்து பேசக் கற்றுக்கொள்கிறது. மதிப்பெண்ணைக் குறைத்துச் சொல்வது, தேர்வு கடினம் என்று எல்லாருடனும் சேர்ந்து புலம்புவது, பள்ளிப் பெயரை விழுங்குவது எல்லாம் இதில் அடங்கும். பத்து வயதுப் பிள்ளை இதைத் தானாகக் கற்றுக்கொண்டிருந்தான். வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய லீட்டா ஹாலிங்வர்த், மிக உயர்ந்த நுண்ணறிவு ஈவு கொண்ட பன்னிரண்டு பிள்ளைகளை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தார். அவர் மறைவுக்குப் பின் 1942இல் அந்நூல் வெளிவந்தது. நுண்ணறிவு ஈவு 125க்கும் 155க்கும் இடைப்பட்ட பிள்ளைகள் நண்பர்களோடு நன்றாகப் பொருந்திப் போகிறார்கள் என்றும், அதற்கு வெகுவாக மேலே செல்லச் செல்ல ஒத்த துணை கிடைப்பது அரிதாகிறது என்றும் அவர் கருதினார். அப்பிள்ளைகளுக்குப் பழகத் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் விளையாட நினைக்கும் விளையாட்டின் விதிகள் ஒத்த வயதினருக்குச் சிக்கலாகிப் போகின்றன. அறிவில் நிகரான மூத்த பிள்ளைகளோ இச்சிறுவரைச் சேர்ப்பதில்லை. இரு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது என்பதே அவர் கண்டது. மீத்திறன் வகுப்புகளுக்கு ஆதரவாகப் பேசுவோர் இன்றும் எடுத்து வைக்கும் வாதத்தின் வேர் இதுதான்.

வகுப்புக்குள்

அந்த வாதத்தில் உண்மை உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரை நேர்மையாகாது. தம்பி வகுப்பில் இருபத்தைந்து பேர் இருந்தனர். முதல் வாரத்தில் அவன் வீட்டுக்கு வந்து, "அக்கா, அங்க எல்லாரும் கேள்வி கேக்கறாங்க" என்றான். பழைய பள்ளியில் கேள்வி கேட்பவன் அவன் ஒருவன்தான். கருந்துளைகளைப் பற்றிப் பேசினால் யாரும் எழுந்து போகாத ஓர் இடைவேளை அவனுக்கு முதன்முறையாகக் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் மிராக்கா கிராஸ் நட்பைப் பற்றிச் செய்த ஆய்வு இங்கே பயன்படும். பிள்ளைகள் நட்பு என்பதைப் படிப்படியாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர் 2002இல் எழுதினார். முதலில் நண்பன் என்றால் சேர்ந்து விளையாடுபவன். அடுத்து, பேசுவதற்கு ஆள். பிறகு உதவுபவன், அதன்பின் மனம் ஒன்றியவன். கடைசிப் படியில் நண்பன் என்றால் நம்பி ஒதுங்க ஓர் இடம். மீத்திறன் பிள்ளைகள் இந்தப் படிகளில் வயதை மீறி ஏறிவிடுகிறார்கள் என்பதே அவர் முடிவு. எட்டு வயதில் ஒதுங்கும் இடத்தைத் தேடும் பிள்ளைக்கு, பந்து உதைக்க ஆள் தேடும் எட்டு வயதுப் பிள்ளை போதாது. தனிமை அப்படி உண்டாகிறது.

ஆனால் வகுப்பு இன்னொன்றையும் கொடுத்தது. பழைய பள்ளியில் முதலிடத்தைத் தவிர வேறு எதையும் அறியாதவன், இங்கே முதல் கணிதத் தேர்வில் நடுவுக்குக் கீழே போனான். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களில் இதைச் சிறு குளத்துப் பெரிய மீன் என்ற உருவகத்தால் விளக்கினார். சமமான திறனுடைய இரு மாணவருள், சராசரி உயர்ந்த வகுப்பில் இருப்பவர் தம் கல்வித் திறனைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்கிறார். குளம் பெரிதானால் மீன் தன்னைச் சிறிதென்று நினைக்கிறது. இதைப் பெற்றோர் பலரும் அறிவர். ஆனால் நட்பில் இதன் விளைவு என்ன என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். தம்பியின் வகுப்பில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் போட்டியில் போய் நின்றது. கனசதுரப் புதிரை எத்தனை நொடியில் சேர்க்கிறாய், எந்த நூலை எந்த வயதில் முடித்தாய் என்று. தம்பியே அண்மையில் சொன்னான்: "அவங்க எல்லாம் நல்லவங்கதான் அக்கா. ஆனா அங்க நான் எப்பவும் எதிலோ எத்தனாவதோ."

எனவே கீழ்த்தளத்தில் அவன் ஜீனியஸ், வகுப்பில் பதினேழாவது. இரண்டு இடத்திலும் ஓர் அளவுகோல் அவனுக்கு முன்னே போய் நின்றது.

தமிழ் வகுப்பு

நான் சொல்ல வந்தது இதைத்தான். மீத்திறன் திட்டத்தில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் ஆகியவற்றுக்குச் செறிவூட்டப்பட்ட தனிப் பாடத்திட்டம் இருந்தது. தாய்மொழிக்கு அப்படி இல்லை. தமிழ் மாணவர் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே தம்பியின் பள்ளியில் மீத்திறன் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் மற்ற வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். தொடக்கநிலை ஐந்தில் உயர்தமிழ் எடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களுள் மீத்திறன் மாணவர் இருவர். செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்தபின் வகுப்பு. இடையில் முக்கால் மணி நேரம் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிடலாம்.

அந்த ஆறு பேரில் தமிழில் முதல்வன் என் தம்பி அல்லன். மற்ற வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். கணக்கில் தடுமாறுபவன், வீட்டில் பாட்டியோடு தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவன், கோவில் விழாவில் மேடையேறிப் பழகியவன். நாடகப் பயிற்சியில் எல்லாருக்கும் வசனம் சொல்லித் தருபவன் அவன்தான். தம்பிக்கு ழகரம் வராது. நாங்கள் வீட்டில் பாதி ஆங்கிலத்தில் பேசுபவர்கள். "டேய், பழம் சொல்லு" என்று அவன் கேட்பான். தம்பி சொல்வான். ஆறு பேரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பானாம். கீழ்த்தளத்தில் 'ஜீனியஸ்' என்ற ஒரு சொல் அவனை மின்தூக்கியில் வாய் மூட வைத்தது. இங்கே அவன் உச்சரிப்பையே கேலி செய்தார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை. ஏன் என்று யோசித்தேன். தமிழ் வகுப்பில் அவன் எந்த முத்திரையும் இல்லாத சராசரிப் பையன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். மீத்திறன் மாணவர் பற்றிய ஆய்வுகளில் நான் தேடிப் பார்த்த அளவில், ஒத்த திறனுடைய நண்பர் வேண்டும் என்பதையே மீண்டும் மீண்டும் காண்கிறேன். தன்னைவிட வேறொன்றில் வல்லவனான, ஆனால் தன்னோடு போட்டியில் இல்லாத நண்பன் கிடைப்பதும் ஒரு தேவை என்பது என் கருத்து. தம்பிக்கு அவன் கிடைத்த இடம் உயர்தமிழ் வகுப்பு.

தொடக்கநிலை நான்கில், பத்தாவது பிறந்தநாளுக்கு யாரை அழைக்கலாம் என்று அம்மா கேட்டபோது தம்பி முதலில் சொன்ன பெயரே அந்தப் பையனுடையது. "யாருப்பா அது, உன் கிளாஸா?" என்று அம்மா கேட்டார். "இல்ல, தமிழ் கிளாஸ்." அம்மா, "உன் கிளாஸ் பிள்ளைங்கள சொல்லு" என்றார். மீத்திறன் வகுப்பு நண்பர்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

2013இல், தொடக்கநிலை ஐந்தின் நடுவில், தம்பி களைத்துப் போகிறான் என்று வீட்டில் பேச்சு வந்தது. எதையாவது குறைக்க வேண்டும். நான் அப்போது தொடக்கக் கல்லூரி முதலாண்டு; பாடச்சுமை பற்றி எல்லாம் தெரிந்தவள் போலப் பேசினேன். "உயர்தமிழ விட்டுரலாம்மா. சாதாரணத் தமிழ் இருக்கே. ரெண்டு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவான்" என்றேன். தமிழ் வளர வேண்டும் என்று இன்று இம்மலரில் எழுதுபவள் அன்று சொன்னது அதுதான். விட்டுவிட்டோம். தம்பி மறுத்துப் பேசவில்லை. செவ்வாய், வியாழன் நாள்களில் முன்னதாகவே வந்து, சட்டை மாற்றாமல் மெத்தையில் படுத்திருப்பான். ஓய்வெடுக்கிறான் என்று அம்மாவும் நானும் திருப்திப்பட்டோம்.

சாதாரணத் தமிழ் வகுப்பில் அதே பையன் இருந்தான்தானே என்று கேட்கலாம். இருந்தான். ஆனால் அது பள்ளி நேரத்துக்குள் நடக்கும் பாடம். மணி அடித்ததும் அவரவர் வகுப்புக்குப் போய்விடுவார்கள். போனது பாடம் அல்ல, சிற்றுண்டிச்சாலையின் முக்கால் மணி நேரம்.

வீட்டில் இருந்த இன்னொரு பிள்ளை

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2005இல் நானும் தொடக்கநிலை மூன்றில் அதே தேர்வை எழுதினேன். இரண்டாம் கட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. அதனால் எனக்கு வருத்தம் இல்லை என்றே பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். முத்திரை பெற்ற பிள்ளையின் உடன்பிறப்புகளைப் பற்றியும் ஆய்வுகள் உள்ளன. டூவி கார்னல் 1983இல் வெளியிட்ட ஆய்வில், மீத்திறன் பிள்ளை உள்ள வீட்டில் முத்திரை பெறாத உடன்பிறப்புகள் மனத்தளவில் சற்றுச் சிரமப்படுவதைக் கண்டார். நிக்கோலஸ் கொலாஞ்சலோவும் புரோவரும் 1987இல் வேறொரு செய்தி சொன்னார்கள். ஆண்டுகள் கழிந்தபின் மற்றப் பிள்ளைகள் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள்; முத்திரை பெற்ற பிள்ளைதான் தன் குடும்பம் தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதில் தெளிவின்றி இருக்கிறது என்பதே அது.

முதல் ஆய்வைப் படித்தபோது, ஆம், இது நான்தான் என்று எனக்கே இரக்கம் வந்தது. இரண்டாவதைப் படித்தபோது அந்த இரக்கம் நிற்கவில்லை. உயர்தமிழை விடச் சொன்னபோது என் மனத்தில் இருந்தது அவன் களைப்பு மட்டுமா? தமிழில் நான் அவனைவிட நன்றாகச் செய்தவள். வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பாடம் அது. திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்காக மட்டுமே சொன்னேன் என்றும் இப்போது சத்தியம் செய்ய முடியவில்லை.

சென்ற தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது தம்பியிடம் நேராகவே கேட்டேன். அவன் தேசிய சேவையை முடித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நண்பர்கள் நிறைய. "அப்ப ஏன்டா சொல்லல?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான செஞ்சீங்க. அதான்" என்றான். பிறகு, "அவன எங்க தேடறதுன்னுகூடத் தெரியல அக்கா. வேற செகண்டரிக்குப் போய்ட்டான். அப்ப எனக்குப் போன்கூட இல்ல" என்றான். ஈரக் கையோடு நின்றேன். முறுக்கு இரண்டு கருகியது.

இனி வரும் பிள்ளைகள்

2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், மீத்திறன் மாணவர் கல்வித் திட்டம் அதன் பழைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். அவ்வாண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து புதிய ஏற்பாடு. திறன்மிக்க பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியதில்லை. தங்கள் பள்ளியிலேயே அவர்களுக்கு ஏற்ற பாடங்கள் இருக்கும். மேலும் சவால் தேவைப்படுவோர் பள்ளி முடிந்தபின் வட்டாரத்திலுள்ள வேறொரு பள்ளிக்குச் சென்று, பிற பள்ளி மாணவர்களோடு சேர்ந்து சில சிறப்பு வகுப்புகளில் பயிலலாம்.

எங்கள் வீட்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இது வரவேற்கத்தக்க மாற்றம். கீழ்த்தளத்துப் பந்து நிற்காது. கருந்துளையைப் பற்றிப் பேச வாரத்தில் சில மணி நேரமாவது ஆள் கிடைக்கும். முழுநேரமும் ஒத்தவரோடு இருந்த சுகம் குறையும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹாலிங்வர்த் கண்ட மிக அரிய பிள்ளைகளுக்கு இந்தச் சில மணி நேரம் போதுமா என்பது ஐயமே. ஆனால் தமிழ்ப் பெற்றோரும், துணைப்பாடம் சொல்லித் தரும் நம் மாணவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிறப்பு வகுப்பும் பள்ளி முடிந்தபின். உயர்தமிழும் பல பள்ளிகளில் பள்ளி முடிந்தபின். இரண்டும் ஒரே பிற்பகலில் வந்து மோதினால் எது விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி விழும்போது அங்கே ஒரு பாடம் மட்டும் விழுகிறதா, அல்லது ஆறு பேர் உட்காரும் ஒரு மேசையும் சேர்ந்து விழுகிறதா என்று ஒரு முறை விசாரியுங்கள்.

விசாரிக்கும் முறையும் முக்கியம். "கூட்டாளிங்க இருக்காங்களா?" என்றால் பிள்ளை 'உம்' என்று சொல்லிவிடும். "இன்னைக்கு யாரோட சாப்பிட்ட? என்ன பேசுனீங்க? அவன் எந்த கிளாஸ்?" என்று கேட்டால் பெயர்கள் வரும். ஒரே பெயர் வெவ்வேறு நாளில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பெயருக்குரியவனை வீட்டுக்கு அழையுங்கள். அவன் எந்த வகுப்பாக இருந்தால் என்ன?

சித்தி மகள் இப்போது தொடக்கநிலை மூன்றில் இருக்கிறாள். கெட்டிக்காரி. சிறப்பு வகுப்பு கிடைத்தால் அனுப்பலாமா என்று சித்தி போன வாரம் தொலைபேசியில் கேட்டார். அனுப்புங்கள் என்றேன். அது எந்தக் கிழமை, அவளுடைய தமிழ் வகுப்பு எந்தக் கிழமை என்றும் கேட்டேன். "அது தெரியாதே, ஏன்?" என்றார் சித்தி. முதலில் அவளிடம் கேட்டுவிட்டு வாருங்கள், தமிழ் வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று, என்றேன். சித்தி தொலைபேசியை வைக்காமலே பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் சொன்ன பெயர்கள் மூன்றும் எனக்கு இந்தப் பக்கத்தில் தெளிவாகக் கேட்டன.